புதுவருடத்துக்கு மறுநாள் மேடையில்

காலை ஏழரைச் செய்தி முடிந்ததும் வருகிற ஐந்து நிமிடம் வானொலியில் என்னுடையது. திருகோணமலை நகரத்துக்குள், துறைமுகத்துக்குப் போகிற தெருவில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நடக்கிற சின்ன நிலையம். வடக்கே குச்சவெளி வரை கேட்கும். உள்ளே தம்பலகாமம் வரை கேட்கும். இதே திகதியில், முன்பு எந்தெந்த வருடங்களில், பாட்டு உலகத்தில் என்ன நடந்தது என்று தேடி எடுத்து வாசிப்பதுதான் என் வேலை. எந்தப் பாடகி பிறந்தாள், எந்த இசைத்தட்டு வெளிவந்தது, எந்தக் குழு பிரிந்தது என்றெல்லாம்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு விஷயம் என்னைத் திடுக்கிட வைத்தது. தேடத் தேட, பாட்டுச் சரித்திரத்தில் பாதி பொலிஸ் அறிக்கை போல இருந்தது. சுடப்பட்டவர்கள், மேடையில் மின்சாரம் பிடித்து விழுந்தவர்கள், வாசலில் மிதிபட்டுச் செத்த ரசிகர்கள். "காலையில சாவை வாசிக்காதைங்கோ பிள்ளை, ஆக்கள் சாப்பிடுற நேரம்" என்பார் எங்கள் முகாமையாளர். ஆனால் பிறந்தநாள்களை வாசித்தால் ஒருவரும் தொலைபேசி எடுக்கமாட்டார்கள். கொலையை வாசித்தால் எடுப்பார்கள்.

சித்திரைப் புதுவருடத்துக்கு மறுநாள் மட்டும் நான் விடுமுறை எடுத்துவிடுவேன். நான்கு வருடம் அப்படியே ஓட்டினேன். ஐந்தாம் வருடம், எனக்குப் பதிலாக வாசிக்கிற பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். வேறு வழியில்லாமல் நானே போய் உட்கார்ந்தேன்.

வெளிநாட்டில் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சியில் ரசிகர்கள் அடிபட்டு இறந்த செய்தி அன்றைக்கு என் தாளில் இருந்தது. வாசித்து முடிந்தும் அரை நிமிடம் மிச்சம். அதை நிரப்ப வேண்டும் என்று, "நல்ல காலம், எங்கட பக்கத்துப் பாட்டு நிகழ்ச்சிகளில இப்பிடி ஒண்டும் நடந்ததில்லை" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

தொலைபேசி விளக்கு எரிந்தது. என்னைக் கேட்காமலே ஒலிப்பதிவாளர் அழைப்பை ஒலிபரப்பில் போட்டுவிட்டார்.

"நடந்தது" என்றது ஒரு ஆண் குரல். வாயை முழுக்கத் திறக்க முடியாதவர் கதைக்கிற மாதிரிக் கதைத்தார். "இண்டையோட ஒன்பது வருசம். நீங்கள் மேடையில நிண்டனீங்கள். நான் கீழ நிண்டனான். பிறகு மேல வந்தனான். அதையும் வாசியுங்கோ, அக்கா."

அழைப்பு அறுந்தது. நான் ஒரு விளம்பரத்தைப் போடச் சொல்லிவிட்டு ஒலிவாங்கியை மூடினேன். முழங்கை பட்டுத் தாள்கள் நிலத்தில் விழுந்தன.

அந்த மனிதரின் கண்ணை எடுத்தவள் நான்.

ஒன்பது வருடங்களுக்கு முன் எங்களுக்கு ஒரு இசைக்குழு இருந்தது. அண்ணன் ட்ரம்ஸ் அடிப்பார். நான் பாடுவேன். கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் அண்ணன் கீபோர்ட் வாசிப்பார், அவரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். கோயில் திருவிழா, கல்யாண வீடு, விளையாட்டுப் போட்டி என்று மாதத்தில் நாலைந்து நிகழ்ச்சி இருக்கும். புதுவருடக் காலத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது.

அந்த வருடம் புதுவருடத்துக்கு மறுநாள், உப்புவெளிக்கும் குச்சவெளிக்கும் நடுவில் ஒரு கடற்கரை மைதானத்தில் விளையாட்டுப் போட்டி. சறுக்குமரம், தலையணைச் சண்டை எல்லாம் முடிந்து, கடைசியாகக் கயிறிழுத்தல். அந்த ஊரும் பக்கத்து மீனவக் கிராமமும் இறுதிப் போட்டியில். நடுவர் விசிலை முந்தி ஊதிவிட்டார் என்று, தோற்றுப்போன பக்கத்துக் கிராமத்தார் கத்தினார்கள். ஒருவருடைய உதடு அப்போதே கிழிந்துவிட்டது. ஏற்பாட்டாளர்கள் ஓடி வந்து, "நீங்கள் பாட்டைத் தொடங்குங்கோ, ஆக்கள் அடங்கிப்போடுவாங்கள்" என்று எங்களை மேடைக்குத் தள்ளினார்கள். பின்னேரம் நாலு மணி. வெயில் முகத்தில் நேராக அடித்தது.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் துண்டுகள் வரத் தொடங்கின. இன்னாருக்காக இந்தப் பாட்டு என்று கடதாசியில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். பாடகிதான் வாசிக்க வேண்டும். நான் முதலில் மனத்துக்குள் வாசித்துப் பார்ப்பது வழக்கம். அன்று அப்படிச் செய்யவில்லை. விரித்த கையோடு உரக்க வாசித்தேன்:

"கயிறைக் கண்டு கடலுக்க ஓடின வீரர்களுக்கு இந்தப் பாட்டு."

வாசித்ததோடு நில்லாமல் சிரித்தேன். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, வசனம் சிரிப்பாக இருந்தது, அவ்வளவுதான். என் சிரிப்பு நான்கு பெரிய ஸ்பீக்கர்களில் மைதானம் முழுக்கக் கேட்டது.

முதல் சோடாப் போத்தல் என் காலடியில் உடைந்தது. இரண்டாவது யாரோ ஒரு தகப்பனுடைய தலையில் பட்டது. தோளில் பிள்ளையோடு நின்ற மனிதர் அப்படியே முழங்காலில் விழுந்தார். பிள்ளையின் சட்டை அவருடைய இரத்தத்தில் நனைந்தது. கல், கதிரைக் கால், கிரிக்கெட் விக்கெட் தடி என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடித்தார்கள். ஒருவனை நாலு பேர் கயிறிழுத்த அதே கயிற்றால் கழுத்தில் சுற்றி மண்ணில் இழுத்துக்கொண்டு போனதைக் கண்டேன். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடினார்கள். அலையில் விழுந்து எழும்பினார்கள். கூட்டத்தின் தள்ளலில் வலப்பக்க ஸ்பீக்கர் அடுக்கு ஆடி, மேடையின் மூலையில் சரிந்து விழுந்தது. குடிக்க வைத்திருந்த ஐஸ் தண்ணீர்த் தொட்டியும் கவிழ்ந்தது. பலகையெல்லாம் தண்ணீர்.

அண்ணன் ட்ரம்ஸைத் தாண்டி என்னை இழுக்க வந்தார். பின்பக்கத்தால் மேடைக்கு ஏறிய ஒருவன், கயிறிழுத்தலுக்கு மண்ணில் அடித்திருந்த நீளமான இரும்பு முளையால் அவருடைய தலையின் பக்கவாட்டில் அடித்தான். அடித்தவனின் முதுகைத்தான் நான் கண்டேன். அவன் கீழே குதித்து மறைந்துவிட்டான். அண்ணன் தாளத் தட்டுகளுக்கு மேலே விழுந்தார். அந்தச் சத்தம் இன்னும் என் பற்களில் இருக்கிறது. அவருடைய காதிலிருந்து இரத்தம் கழுத்துக்கு வழிந்தது.

நான் ஒலிவாங்கித் தாங்கியைத் தலைகீழாகத் தூக்கினேன். அதன் அடித்தட்டு வட்டமான வார்ப்பிரும்பு. சாதாரண நாளில் அதை நகர்த்தவே இரண்டு கையும் வேண்டும்.

வலது பக்கம் திரும்பினேன். நீலச் சேட்டுப் போட்ட ஒருவன் நானாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். கையில் மீன் வெட்டுகிற கத்தி. அவன் எழும்பி என் பக்கம் திரும்பினான். வாயைத் திறந்து ஏதோ கத்தினான். ஸ்பீக்கர் ஒன்று வீறிட்டுக்கொண்டிருந்ததால் ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான் அடித்தேன்.

எலும்பு உடைவதை இரும்புக் கம்பியின் வழியே உள்ளங்கையில் உணர்ந்தேன். கத்தி விழுந்தது. அவன் முழங்காலில் விழுந்து, இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கினான்.

நான் இரண்டாவது தடவையும் அடித்தேன்.

இதை ஒன்பது வருடமாக ஒருவருக்கும் சொன்னதில்லை. முதல் அடி பயத்தில் விழுந்தது. இரண்டாவது அடியில் பயம் இல்லை. அண்ணனுடைய இரத்தத்துக்கு ஒருவன் அகப்பட்டுவிட்டான் என்ற ஆத்திரம்தான் இருந்தது. கண் போனது இரண்டாவது அடியில்.

பொலிஸ் வந்து கண்மண் தெரியாமல் பொல்லுகளால் அடித்துக் கூட்டத்தைக் கலைத்தது. எங்களை நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அண்ணனுக்கு மூன்று நாள் நினைவு தெளியவில்லை. நானாவின் வலது உள்ளங்கை தோலுரிந்து வெந்து கிடந்தது. வாக்குமூலம் எழுத வந்த பொலிஸ்காரர் என்னைக் கேட்டார்:

"கத்தியோட வந்தவர் உங்களைக் குத்தத்தான் வந்தவரோ?"

"ஓம்."

"அண்ணனை அடிச்சதும் அவரோ?"

முதுகை மட்டும் கண்டவள் நான். அந்த முதுகில் நீலச் சேட்டு இருக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

"ஓம்" என்றேன்.

ஒரு கிழமைக்குப் பிறகு, கையில் கட்டோடு நானா எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"தங்கச்சி, நான் கரண்டில பிடிபட்டு நிண்ட நான். கீபோர்டை விட ஏலாமப் போச்சு. அந்தத் தம்பிதான் மேல பாஞ்சு வயரை வெட்டின. கத்தியில மரப்பிடி இருந்த படியாத்தான் அவரும் தப்பின, நானும் தப்பின. எழும்பி உங்களைப் பாத்து, தண்ணியில கால் வைக்காதீங்க எண்டு கத்தினவரு. அதுக்குள்ள நீங்க…"

நான் அழுதேன். அழுதுகொண்டே அவரிடம் கேட்டது என்ன தெரியுமா? இதை ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டேன். உண்மை தெரிந்தால் என்னை மறியலில் போடுவார்கள், அண்ணனைப் பார்க்க ஒருவரும் இல்லை என்றேன். நானா கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "என்ட உசிரைத் தந்தவனுக்கு நான் செய்யிற துரோகம் இது. உங்களுக்காகத்தான் செய்றன். இனி என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் குழு அன்றோடு முடிந்தது.

அந்த மனிதர் வழக்கு முடியும் முன்னரே ஏழு மாதம் விளக்கமறியல் சிறையில் இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சாட்சிக்கு ஒருவரும் இல்லை, குற்றத்தை ஒத்துக்கொண்டால் கெதியில் முடியும் என்று யாரோ சொல்லி, ஒத்துக்கொண்டார். ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்து வெளியே விட்டார்கள். அதனால் என்னை நீதிமன்றத்துக்குக் கூப்பிட வேண்டி வரவில்லை. அண்ணனுக்கு வலது காது போய்விட்டது. தாளம் பிடிபடாமல் ட்ரம்ஸை விட்டுவிட்டு, ஒரு இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தன் காதைக் கெடுத்தவன் அந்தக் கத்திக்காரன்தான் என்று நம்பினார். நம்ப வைத்தது நான்.

வானொலிக்கு அந்த அழைப்பு வந்த அன்று, ஒலிப்பதிவாளரிடம் இலக்கத்தை வாங்கிக்கொண்டேன். மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலாம் நாள் குச்சவெளி பஸ்ஸில் ஏறி, ஒற்றைக் கண்ணுள்ளவரின் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு போனேன்.

கடல்நீர் தேங்கும் களப்போரத்தில், ஐஸ் பெட்டிகள் அடுக்கிய ஒரு வீடு. அவருடைய மனைவி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழும்பி, கையிலிருந்த வாளித் தண்ணீரை அப்படியே என் மேல் ஊற்றினார். மீன் செதிலும் இரத்தமும் கலந்த தண்ணீர்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதோ? ஒன்பது வருசமா எந்தக் கடலுக்க கிடந்தனீ?"

அவர் உள்ளேயிருந்து வந்து மனைவியின் தோளைப் பிடித்து நிறுத்தினார். இடது கண் இருந்த இடம் குழியாக மூடியிருந்தது. தாடை ஒரு பக்கம் விலகியிருந்தது. என்னைவிட நாலைந்து வயது இளையவர். அன்றைக்கு அவருக்கு இருபத்திரண்டு இருந்திருக்கும் என்று அப்போதுதான் முதல்முறையாக நினைத்தேன்.

"மன்னிப்புக் கேக்க வந்தனீங்களோ?" என்றார்.

"ஓம்."

"அதை வைச்சு நான் என்ன செய்யிறது?" அவர் ஐஸ் பெட்டியில் ஓங்கி உதைத்தார். மூடி பறந்துபோய் வேலியில் மோதியது. "கண் போனது போகட்டும். கடலில எத்தினை பேருக்குக் கை போகுது, கால் போகுது. ஆனா நான் ஒரு பொம்பிளையைக் குத்தப் போனவன் எண்டு எழுதிக் கிடக்கு. துறைமுகத்தில வேலைக்குக் கேட்டனான். பொலிஸ் ரிப்போர்ட் எடுத்துக்கொண்டு வா எண்டாங்கள். அதோட சரி. என்ர மகளைப் பள்ளிக்கூடத்தில கத்திக்காரன்ர பிள்ளை எண்டு கூப்பிடுறாங்கள். நீங்கள் ஒவ்வொரு நாளும் ரேடியோவில ஊர் உலகத்து நாளெல்லாம் வாசிக்கிறீங்கள். நான் ஐஸ் உடைச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டு இருக்கிறன். என்ர நாளை ஏன் வாசிக்கேல்லை?"

நான் வேலியோரம் போய், விழுந்து கிடந்த மூடியை எடுத்து வந்து பெட்டியில் வைத்தேன்.

"பொலிஸில போய் உண்மையை எழுதிக் குடுங்கோ. ரேடியோவில சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு வந்து என்னோட கதையுங்கோ."

அன்று பின்னேரம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய நல்ல காதுப் பக்கமாக இருந்து, மெதுவாக, ஒன்றும் விடாமல், இரண்டாவது அடி உட்பட. முடியும் வரை கேட்டார். முடிந்ததும் கன்னத்தில் அறைந்தார். நான் அலுமாரியில் மோதி விழுந்தேன். எழும்பினேன். திரும்பவும் அறைந்தார். அண்ணன் என்னை வாழ்நாளில் அடித்ததில்லை.

"ஒன்பது வருசமா நான் அவனைக் கொல்ல வேணும் எண்டு நினைச்சுக்கொண்டு படுத்தனான்" என்றார். "ஒரு நாள் சந்தையில கண்டு, பின்னால போனனான் தெரியுமோ? கடையிலிருந்து இரும்புக் கம்பி ஒண்டு கொண்டு போனனான். பிள்ளையோட நிண்டபடியாத் திரும்பி வந்தனான். அடிச்சிருந்தா?"

அவர் அழுதார். ஒரு காது கேட்காதவர்கள் சில நேரம் தங்கள் சத்தத்தின் அளவு தெரியாமல் கத்துவார்கள். பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள்.

முகாமையாளர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று தெரியும். அதனால் அவரிடம் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை, தாளில் இருந்ததை மடித்து வைத்துவிட்டு, ஒன்பது வருடங்களுக்கு முன் புதுவருடத்துக்கு மறுநாள் எங்கள் கடற்கரையில் ஒரு பாட்டு நிகழ்ச்சியில் நடந்ததைச் சொன்னேன். துண்டை வாசித்துச் சிரித்தது நான் என்று சொன்னேன். ஒரு உயிரைக் காப்பாற்ற ஏறியவரின் கண்ணை எடுத்தது நான், பொலிஸுக்குப் பொய் சொன்னதும் நான் என்றேன். ஐந்து நிமிடம் போதவில்லை. எட்டு நிமிடம் ஆனது. ஒலிப்பதிவாளர் என்னை நிறுத்தவில்லை. முகாமையாளர் படியேறி வந்தபோது நான் முடித்திருந்தேன்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டு யன்னல் கண்ணாடிக்கு ஒரு கருங்கல் வந்தது. பிறகு பெயர் சொல்லாத ஒருவன் தொலைபேசியில், "உன்ர கொண்ணனை ஆர் அடிச்சது எண்டு கிளறினா மற்றக் காதும் போகும்" என்றான். அண்ணனை அடித்தவன் இன்னும் எங்கோ பக்கத்தில்தான் இருக்கிறான் என்று அப்படித்தான் தெரியவந்தது. நான் கிளறவில்லை. நான் கொடுக்க வேண்டிய வாக்குமூலம் வேறு.

நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். கிண்ணியாவில் கைத்தொலைபேசி திருத்துகிற கடை வைத்திருக்கிறார். என் குரலைக் கேட்டதும், "கேட்ட நான்" என்றார். "கடையில நாலு பேர் நிண்டாங்க. சத்தத்தைக் கூட்டி வைச்ச நான். எப்ப பொலிஸுக்குப் போற?"

இரண்டு பேரும் போனோம். அவர் தன் உள்ளங்கையை மேசையில் விரித்து வைத்து, நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். தீர்ப்பு வந்து முடிந்த வழக்கு, சட்டத்தரணி வைத்து மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், உங்கள் மேலும் வழக்கு வரலாம் என்று பொறுப்பதிகாரி சொன்னார். வரட்டும் என்றேன். எழுதிக் கையெழுத்து வைத்து, பிரதி எடுத்துக்கொண்டோம். சட்டத்தரணி ஒருவர் இப்போது அதைப் பார்க்கிறார். என் மேல் இதுவரை ஒன்றும் வரவில்லை. இரண்டு மாதம் என்னை ஒலிபரப்பிலிருந்து நிறுத்தி வைத்து, பிறகு முகாமையாளர் திரும்பக் கூப்பிட்டார்.

பொலிஸுக்குப் போன மறுநாளே பிரதிகளைக் குச்சவெளிக்கு நானே கொண்டுபோனேன். அவர் கடதாசியை ஒற்றைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, தன் பாட்டில், ஒவ்வொரு வரியாக வாசித்தார். இரண்டாவது அடியைப் பற்றி நான் எழுதியிருந்த இடத்தில் நின்றார். அதைத் திரும்ப வாசித்தார். மனைவி அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஒரு துண்டுக் கடதாசிதானே அக்கா" என்றார் அவர். "அப்பவே எழுதியிருக்கலாமே."

அவர் கடதாசியை மடித்தார். "நான் மன்னிச்சிட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு பஸ் ஏறாதைங்கோ."

"இல்லை" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் யன்னலுக்குப் புதுக் கண்ணாடி பூட்டிக்கொண்டிருந்தார். என்னை அறைந்த நாளிலிருந்து அவர் என்னோடு கதைக்கவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் போகப் பார்த்தேன். பின்னாலிருந்து கேட்டார்:

"அவனுக்கு மற்றக் கண் வடிவாத் தெரியுதோ?"

"தெரியுது அண்ணா. வாசிச்சவர்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, கண்ணாடியின் ஓரத்தைச் சட்டத்துக்குள் மெல்லத் தள்ளினார்.